கண்ணீர் வீடு கட்டாது

(திங்கட் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



தொலைக்காட்சி என்றவுடன் நம்மில் பலர் முகஞ்சுளிக்கின்றோம். சுளிக்கத் தக்கனவே அதில் மிகுதி. ஆயினும், கருவியைப் பழித்துப் பயனென்ன? அதனைக் கையாண்டவன் யார், எதற்காகக் கையாண்டான் என்பதன்றோ கேள்வி! தொலைக்காட்சியில் தொடங்கித் திரைப்படத்தில் வளர்ந்த ஆங்கிலேய இயக்குநர் கென் இலோச்சு தம் தொழிலைப் பற்றித் தாமே எண்ணிப் பார்த்தவற்றை இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

1936-இல் நனீட்டன் என்னும் ஊரில் மின்பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் இவர். ஆக்சுபோர்டில் சட்டம் பயின்றார். வழக்குமன்றத்தை விடுத்து நாடக மேடை ஏறினார். பின்னர்ப் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தில் இயக்குநராகச் சேர்ந்தார்.

1966 நவம்பர் 16 அன்று இவர் இயக்கிய ‘கேத்தி, வீட்டுக்கு வா’ என்னும் நாடகம் ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் செரெமி சாண்டுபோர்டு. கணவன் வேலையிழக்கிறான், வாடகை கொடுக்க வழியில்லை, வீடு போகிறது. ஏதிலியர் விடுதியில் கணவனுக்கு இடமில்லை. இறுதியில், தொடர்வண்டி நிலையத்தில் தாயின் கைகளிலிருந்து குழந்தைகளைப் பறித்துச் செல்கின்றனர் அரசுப் பணியாளர்! ஏறத்தாழ 1 கோடியே 20 இலக்கம் பேர் அதனைக் கண்டனர்.

அக்காலத் தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் அரங்கினுள் ஒப்பனைச் சுவர்களுக்கிடையே எடுக்கப்பெற்றவை. இவரோ எடை குறைந்த படக்கருவியைத் தோளிலேற்றித் தெருவிற்கு இறங்கினார். செய்தியறிக்கையை அடுத்து ஒளிபரப்பாகும் நாடகம், செய்தியின் தொடர்ச்சியாகவே தோன்றவேண்டும் என்பது இவர் நோக்கம்.

இவருக்கு ஆசான்கள் யாவர்? போரில் இடிந்த இத்தாலியின் தெருக்களில் எளிய மக்களையே நடிக்கவைத்த படைப்பாளர்கள். அவர்களுள் ‘மிதிவண்டித் திருடர்கள்’ (1948) தந்த தெ சீக்கா தலையாயவர். அடுத்து, செக்கு நாட்டின் மிலோசு போர்மன் முதலியோர். மாந்தரை எள்ளாமல், பரிவோடு, ஓரமாக நின்று நோக்கும் பார்வையை அவர்களிடம் கற்றார்.

அக்கல்வி 1969-இல் வெளிவந்த ‘கெசு’ என்னும் படத்தில் முதிர்ந்தது. வல்லூறு வளர்க்கும் ஒரு சுரங்கத் தொழிலாளர் வீட்டுச் சிறுவனின் கதை அது. ஒளிப்பதிவாளர் கிறிசு மெங்கேசுடன் சேர்ந்து தம் முறையையே மாற்றினார். கருவி நடிகரைத் துரத்துவதில்லை. தொலைவில் நின்று காத்திருக்கும். விளக்கொளி ஒருவர் முகத்தில் மட்டும் விழுவதில்லை. அறை முழுதும் இயல்பாகப் பரவும். காட்சிகளைக் கதை நடக்கும் வரிசையிலேயே எடுப்பார். அடுத்து வருவதை நடிகருக்கு முன்கூட்டிச் சொல்லார். வியப்பு நடிப்பாகாமல் வியப்பாகவே இருக்கவேண்டுமன்றோ!

பார்ன்சுலி வட்டாரத்தாரையே பெரிதும் நடிக்கவைத்தார். அவர்தம் பேச்சையே பேசவிட்டார். பிறர்க்கு விளங்காதென்று கடல்கடந்த வெளியீட்டிற்குச் சில பகுதிகளில் குரலை மாற்ற நேர்ந்தது. மண்ணின் பேச்சைக் களைந்துவிட்டு மண்ணின் மாந்தனைக் காட்ட இயலுமோ?

இனி, நான் சொல்லவந்த தலையாய கருத்து. கேத்தியின் கதை நாட்டை உலுக்கியது. அதே ஆண்டு திசம்பர் 1-இல் ‘செல்ட்டர்’ என்னும் வீடற்றோர் துணையமைப்புத் தொடங்கியது. அது நாடகத்தால் பிறந்ததன்று. எனினும் நாடகம் மூட்டிய உணர்வு அதற்கு உரமாயிற்று. வீடற்றோர்க்கான சட்டமோ 1977-இல்தான் வந்தது. பிறராயின் இப்புகழிலேயே மயங்கியிருப்பர். இவரோ, தம் படைப்பின் குறையைத் தாமே கூறினார்: நிலம் யாருடையது, கட்டுமானத் தொழில் யார் கையில், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்னும் அடிப்படைக் கரணியங்களை அந்நாடகம் தொடவில்லை என்றார். கண்ணீர் வரவழைத்தது, வேரைக் காட்டவில்லை!

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2016-இல், தம் 80-ஆம் அகவையில் ‘நான், தேனியல் பிளேக்கு’ என்னும் படத்தைத் தந்து கான் விழாவின் தலைமைப் பரிசை இரண்டாம் முறை பெற்றார். அதில், அறக்கொடை உணவு வாங்கச் சென்ற ஒரு தாய், பசி பொறாமல் அங்கேயே தகரக் குவளையைத் திறந்து உண்டுவிட்டு, நாணி அழுகிறாள். 1966-இல் கேத்தி, 2016-இல் இவள்! பரிசு வந்தது, பசி போகவில்லை.

எனின், கலை தோற்றதா? இல்லை, தோழர்களே! கலை காட்டும், கட்டவேண்டியவர்கள் கண்டவர்கள். திரை அணைந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறங்கச் செல்வோமாயின், தோற்றவர் இயக்குநர் அல்லர், நாமே.