கடைசிக் கார் வந்து சேரட்டும்

(தொலைக்காட்சி உரையரங்கில் செராஸ் வட்டாரக் கார் ஆர்வலர் ஒருவர் ஆற்றிய உரை)



கார் ஓட்டுவதைப் பற்றி உரையரங்கில் பேச என்ன இருக்கிறது, லைசன்ஸ் எடுத்த எல்லாரும் ஓட்டத்தானே செய்கிறோம் என்று இங்கே சிலர் நினைக்கலாம். ஒரு கார் தனியாகப் போவது வேறு. பத்துப் பதினைந்து கார்கள் சேர்ந்து போவது முற்றிலும் வேறு. இந்த வித்தியாசத்தை நான் சற்றுத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் மக்களுக்குக் கூட்டமாகக் காரில் போவது புதிதல்ல. பங்குனி உத்திரத்திற்கு மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் போகிறோம். தைப்பூசத்திற்குப் பினாங்கு போகிறோம். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பத்துக் காரில் கிளம்புகிறார்கள். யாராவது தவறிவிட்டார் என்று செய்தி வந்தால், ராத்திரியோடு ராத்திரியாக ஐந்து கார் ஈப்போவுக்கோ தெலுக் இந்தானுக்கோ புறப்பட்டுவிடும். இவற்றில் எதற்கும் யாரும் திட்டம் போடுவதில்லை. "நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்" என்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே திட்டம்.

எங்கள் செராஸ் நண்பர்கள் குழுவும் அப்படித்தான் ஆரம்பித்தது. கார் மீது பைத்தியம் பிடித்த சிலர் ஒன்றுசேர்ந்தோம். 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் ஆரம்பகால மாடலைப் பெற்ற பிள்ளை போல வைத்திருப்பவர் ஒருவர். கஞ்சில், வீரா, மைவி என்று ஆளுக்கொரு வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்காவது போய்ப் பசியாறிவிட்டு வருவோம். செராஸ்காரர்களுக்கு இதற்கு ஓர் அருமையான சாலை இருக்கிறது. பத்து சம்பிலான் தாண்டி உலு லங்காட் போய், கெந்திங் பெராஸ் மலைச்சாலையில் ஏறி இறங்கினால் நெகிரி செம்பிலானின் டிட்டி பட்டணம். அதையும் தாண்டினால் கோலா கிளாவாங். அங்கிருந்து புக்கிட் தங்கா வழியாகச் சிரம்பான் வந்து, நெடுஞ்சாலையில் வீடு திரும்பலாம். காடு, ஆறு, வளைவு, மூடுபனி எல்லாம் அந்த ஒரே சாலையில் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலையில் 14 கார்களோடு போனோம். நான்தான் முன்கார். காலை 7.30க்குப் புறப்பட வேண்டியது. ஒருவர் தூங்கிவிட்டார், இன்னொருவர் எண்ணெய் போடவில்லை, இப்படியாகக் கிளம்பும்போது 9.30. தாமதமாகிவிட்டதே என்ற எரிச்சலில் நான் சற்று வேகமாகவே போனேன். ஒரு சாலை விளக்கில் கடைசி மூன்று கார்கள் சிவப்பில் மாட்டிக்கொண்டன. கண்ணாடியில் பார்த்தேன். வழி தெரியும், வந்துவிடுவார்கள் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்தேன்.

கடைசிக் காரில் இருந்தவர் எங்கள் குழுவிலேயே இளையவர். லைசன்ஸ் எடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. எங்களைப் பிடித்துவிட வேண்டுமென்று விரட்டியிருக்கிறார். முதல் நாள் பெய்த மழையில் ஈரமான இலைகள் கிடந்த ஒரு வளைவில் கார் வழுக்கிக் கால்வாயில் இறங்கி மண்மேட்டில் மோதிவிட்டது. காட்டுப் பகுதி என்பதால் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. அவருக்கு முன்னால் போன இரண்டு கார்களும் அவர் பின்னால் வருகிறார் என்றே நினைத்திருக்கின்றன. நாங்கள் டிட்டியில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். எண்ணிப் பார்த்தால் 13 கார்கள்தான் நிற்கின்றன. திரும்பிப் போய் அவரைக் கண்டுபிடித்தபோது நாற்பது நிமிடத்திற்கு மேல் ஆகியிருந்தது.

உயிருக்கு ஒன்றுமில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மருத்துவமனை நடைபாதையில் அவருடைய அம்மா என்னிடம் கோபப்படவில்லை, கத்தவில்லை. "எல்லாரும் ஒண்ணாத்தானே தம்பி போனீங்க? எம் மகன் மட்டும் எப்படித் தனியாக் கிடந்தான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. முன்காருக்கும் பின்காருக்கும் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி வேண்டும் என்பது பாலபாடம். அதாவது 50 மீட்டர். 14 கார் என்றால் 13 இடைவெளி. கார்களின் நீளத்தையும் சேர்த்தால் முதல் காரிலிருந்து கடைசிக் கார் வரை ஏறக்குறைய 700 மீட்டர்! முன்கார் ஓட்டுபவர் கண்ணாடியில் என்ன பார்க்க முடியும்? எந்தச் சாலை விளக்கு இத்தனை காரையும் ஒரே பச்சையில் விடும்? 14 கார்களை ஒரே வரிசையாக ஓட்டியதே என் முதல் தவறு. இப்போது நாங்கள் ஐந்து ஐந்து காராகப் பிரித்து, ஐந்து நிமிட இடைவெளியில் அனுப்புகிறோம். ஐந்து கார் என்றால் 220 மீட்டருக்குள் அடங்கிவிடும். மற்ற வாகனமோட்டிகளும் நம்மைத் தாண்டிப் போக வழி கிடைக்கும். சாலை நம் பாட்டன் வீட்டுச் சொத்தல்லவே!

இரண்டாவது கணக்கு இதைவிட முக்கியம். கடைசிக் கார் ஒரு நிமிடம் சிவப்பு விளக்கில் நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் 90இல் போகும் முன்கார் ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விடும். முன்கார் வேகத்தைக் குறைக்காவிட்டால், பின்னால் இருப்பவர் 110இல் ஓட்டினாலும் நாலரை நிமிடம், எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் விரட்ட வேண்டும். மலைச்சாலையில் இது நடக்கிற காரியமா? அதே சமயம் முன்கார் 70க்கு இறங்கிவிட்டால், பின்னால் இருப்பவர் தன் 90லேயே வந்து அதே நாலரை நிமிடத்தில் சேர்ந்துவிடுவார். யார் வேகத்தை மாற்றுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கான்வாயின் வேகம் முன்கார்காரர் கையில் இருக்கிறது. ஆனால் அதன் ஆபத்து கடைசிக் கார்காரர் தலையில் விழுகிறது. அந்தப் பிள்ளையை விரட்ட வைத்தவன் நான்தான். இதை அவருடைய அம்மாவிடமும் பிறகு ஒரு நாள் சொன்னேன்.

அதனால் வரிசையை மாற்றினோம். புதிதாக ஓட்டுபவர், சக்தி குறைந்த பழைய கார், சின்னப் பிள்ளைகள் உள்ள கார் இவை எல்லாம் முன்காருக்கு அடுத்தபடியாக வரும். முன்கார் அவர்களுடைய வேகத்துக்குப் போகும். கடைசிக் காரை எப்போதும் குழுவிலேயே அனுபவசாலிதான் ஓட்டுவார். இழுக்கும் கயிறு, பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பி, டார்ச் லைட், முக்கோண எச்சரிக்கைப் பலகை, முதலுதவிப் பெட்டி எல்லாம் அவர் காரில்தான். அவரைத் தாண்டி நம் கார் எதுவும் பின்னால் இருக்கக் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. இதற்குப் பணமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் காருக்குப் பொறுப்பு. வழி திரும்பும் ஒவ்வோர் இடத்திலும், பாதுகாப்பான ஓரமாகப் பார்த்து நின்று, பின்கார் கண்ணில் பட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். அவர் வரவில்லை என்றால் நீங்களும் போகமாட்டீர்கள். நீங்கள் போகாவிட்டால் உங்களுக்கு முன்னால் இருப்பவரும் போகமாட்டார். அப்படியே அது முன்கார் வரைக்கும் எட்டிவிடும். சிக்னல் இல்லாத காட்டிலும் இது வேலை செய்யும்.

இப்போது எல்லாரும் வாட்ஸ்அப் குழு, வழிகாட்டிச் செயலி என்கிறார்கள். நல்லதுதான், அதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் கைத்தொலைபேசியைக் கையில் எடுப்பது சட்டப்படி குற்றம். நாங்கள் சிரிம் முத்திரை உள்ள வாக்கி டாக்கிகள் வைத்திருக்கிறோம். அதில் பாட்டுப் பாடும் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், அவரைத்தான் இன்னும் திருத்த முடியவில்லை.

டோல் சாவடி கான்வாயை உடைக்கும் இடம். ஒருவர் டச் அண்ட் கோ, ஒருவர் ஸ்மார்ட் டேக், இன்னொருவர் ஆர்எஃப்ஐடி. ஆளுக்கொரு தடத்தில் போவார்கள். ஒருவருடைய அட்டையில் காசு இருக்காது! டோலைத் தாண்டியதும் அவசரத்தடத்தில் வரிசையாக நின்று காத்திருப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் அந்த ஓரத்தில்தான் வருகின்றன. நிற்கும் காரில் மோதி எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அடுத்த ஓய்விடம் எது என்பதைப் புறப்படுமுன்பே பேசி வைத்துக்கொண்டால் அங்கே சந்திக்கலாம். ஒரு கார் பழுதானாலும் அதே விதிதான். கடைசிக் கார் மட்டும் கூட நிற்கும், மற்றவர்கள் ஓய்விடத்துக்குப் போய்விட வேண்டும். நிற்பவர்களும் காருக்குள் உட்காராமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை வந்தாலே இரட்டைச் சிக்னலைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது நமக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. இரண்டு பக்கமும் மின்னினால், நீங்கள் தடம் மாறுவது பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. முகப்பு விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்தால் போதும். நம் ஊரில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வருகிறது. மலைக்குப் போகிறவர்கள் விடிகாலையில் போய் மதியத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது. பெருமழை பெய்த நாட்களுக்குப் பிறகு மலைச்சாலைகளை எட்டிப் பார்க்கவே வேண்டாம். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங்காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கியரைக் குறைத்து இஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்க வேண்டும். ஆட்டோ கார் வைத்திருக்கும் பலருக்குக் கியர் கம்பியில் 'டி'க்குக் கீழே இருக்கும் எழுத்து எதற்கு என்றே தெரியாது. ஒரு காலிக் கார் நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தால் தெரிந்துவிடும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். "பந்தயம் இல்லீங்க, சும்மா யார் முதல்ல போறதுன்னு பார்த்தோம்" என்றால் போலீஸ்காரர் சிரிக்கமாட்டார். சாதாரணக் கார் காப்புறுதியில் பந்தயம், ராலி, வேகச் சோதனை இவற்றுக்கு இழப்பீடு கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுவதும் அதில் அடங்காது. எனவே குழுவில் பணம் வசூலித்தால் சாப்பாட்டுக்கு மட்டும் வசூலியுங்கள். பின் இருக்கைக்காரர்களுக்கும் 2009 ஜனவரி முதல் வார்ப்பட்டை கட்டாயம், 2020 முதல் குழந்தைகளுக்குத் தனி இருக்கையும் கட்டாயம். "பக்கத்தில்தானே போகிறோம்" என்று பேரனை மடியில் வைத்துக்கொள்ளும் தாத்தாக்களிடம்தான் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் சந்தோஷம் எங்கே என்று ஒரு தம்பி கேட்டார். மெதுவாகப் போனதால்தான் உலு லங்காட்டில் டுரியான் கடைகள் கண்ணில் படுகின்றன. சுங்கை கபாய் அருவிக்கு இறங்கிப் பிள்ளைகளைக் குளிக்க வைக்க நேரம் கிடைக்கிறது. வார இறுதியில் அந்தச் சாலையில் நிறைய பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள், கம்பத்துப் பிள்ளைகள் ஓரத்தில் நடந்து போகிறார்கள், அவர்களுக்கும் நம்மால் தொல்லை இல்லை. முன்பு ஆண்கள் மட்டும் வந்த குழுவில் இப்போது அக்காமார்களும் அம்மாக்களும் வருகிறார்கள். ஆளுக்கொரு தூக்கில் சாப்பாடு கொண்டுவந்து ஆற்றோரத்தில் பகிர்ந்து சாப்பிடுகிறோம். வழியில் உள்ள பெயர்ப்பலகைகளை வைத்துக் கேள்வித்தாள் தயாரித்துப் புதையல் வேட்டையும் நடத்துகிறோம். அதில் முதலில் வருபவருக்குப் பரிசு இல்லை, சரியான விடைக்கு மட்டும்தான் பரிசு.

கால் முறிந்த அந்தத் தம்பி ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தார். அவருடைய அம்மாவும் ஒருமுறை கூட வந்தார், முன்காரில், என் பக்கத்து இருக்கையில். வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு, "எல்லாம் வருதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நெறியாளர் மணியைக் காட்டுகிறார். வண்டிச் சோதனை பற்றிச் சொல்ல நேரமில்லை. டயர், பிரேக், வைப்பர், தண்ணீர் நான்கையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் எங்கே மின்னூட்டம் செய்வது என்று முன்கூட்டியே குழுவிடம் சொல்லிவிடுங்கள், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கலாம். எங்களோடு வர விரும்புகிறவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். ஏழரை மணிக்குக் கிளம்புகிறோம் என்றால் ஏழரை மணிக்கு.