தொட்டியில் தூள் போட்டால் போதுமா?

(பள்ளிபாளையத்தில் விசைத்தறி, சாயப்பட்டறை, விவசாயத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



அக்கரையில் ஈரோடு, இக்கரையில் பள்ளிபாளையம், நடுவே காவிரி. இந்த ஆற்றை நம்பித்தான் நாம் உயிர் வாழ்கிறோம். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் இதே ஆறு பெருகிக் கரையோர ஏழைகளின் வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தால் எந்த ஊரிலும் என்ன செய்கிறார்கள்? தெருவோரம் பிளீச்சிங் பவுடரை வெள்ளைக் கோடு போலத் தூவுகிறார்கள். "மருந்து போட்டாயிற்று" என்கிறார்கள். தெருவில் விழுந்த தூள் குடத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா? செய்யாது.

இது நமது கூலிப் பிரச்னையும் ஆகும். வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் மலத்திலிருந்து தண்ணீர் வழியாக வாய்க்கு வருகின்றன. நோயில் படுத்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. களையெடுக்கப் போகாத நாளுக்கு யார் கூலி தருகிறார்கள்? வசதி உள்ளவர் வீட்டில் சுத்திகரிப்புக் கருவி இருக்கிறது. நமக்கோ பொதுக்குழாய்தான்.

நோய் தலைவிதியா? ஜெர்மனியில் எல்பே என்ற ஆற்றின் கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்று இரண்டு ஊர்கள் ஒட்டியிருந்தன. 1892இல் அங்கே காலரா பரவியது. ஹாம்பர்க் நகரத்தை ஆண்டவர்கள் பெரும் வியாபாரிகளும் சொத்துக்காரர்களும். மணல் வடிகட்டி கட்டும் செலவை அவர்கள் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். ஆற்று நீரை வடிகட்டாமலே ஊருக்கு விட்டார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆல்டோனாவோ ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, அதற்கும் கீழே நீர் எடுத்த ஊர். ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது, பெருமளவு தப்பியது. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் சுகம்! ஒரே ஆறு, ஒரே காற்று. வேறுபாடு வடிகட்டியில் இருந்தது. அதற்குப் பணம் ஒதுக்க மனம் இருந்ததா என்பதில் இருந்தது.

இனி பிளீச்சிங் பவுடருக்கு வருவோம். சலவைப்பட்டறைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. நூலை வெளுக்கும் குளோரின்தான் கிருமியையும் கொல்கிறது. ஆனால் அதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, தூள் வீரியத்தோடு இருக்கவேண்டும். நல்ல தூளில் சுமார் 33 சதம் குளோரின் உண்டு. வெயிலும் ஈரமும் காற்றும் பட்டால் அது பறந்துபோகும். வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த தூள் வெறும் சுண்ணாம்புதான்.

இரண்டு, தண்ணீர் தெளிந்திருக்கவேண்டும். சேறும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இராது. தெளிந்த நீரில் ஆயிரம் லிட்டருக்கு நல்ல தூள் சுமார் 2.5 கிராம் போதும். கலங்கல் நீருக்கு அது போதாது. முதலில் வடிகட்ட வேண்டும்.

மூன்று, நேரம் கொடுக்கவேண்டும். தூளை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்நீரைத் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விடவேண்டும். போட்ட கையோடு குழாயைத் திறந்தால் பயனில்லை.

நான்கு, கடைசிக் குழாயில் சோதிக்கவேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சோதனைத் துளி விட்டால் நிறம் மாறும். ஒரு நிமிட வேலை! தண்ணீர் நின்றுபோகும் நேரத்தில் உடைந்த குழாய் பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சுகிறது. ஆகவே தொட்டியில் நல்ல நீர் இருந்தாலும் தெருக்கோடியில் கெட்டுப்போகலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்? தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள். குளோரினுக்குச் சாகாத சில கிருமிகளும் கொதிநீரில் சாகும். குடத்தை மூடுங்கள், கையை விடாமல் அகப்பையால் மொண்டு எடுங்கள். வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியதில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு கூறியது. சேலை நெய்யும் நாம் இதை அறியவேண்டும். ஆனால் கொதிக்கவைக்க விறகும் கேஸும் காசு. அந்தச் சுமை முழுவதையும் தாய்மார் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.

இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. சாயக்கழிவின் உப்பைக் குளோரின் நீக்காது; கொதிக்கவைத்தால் உப்பு மேலும் செறியும். கழிவை ஆற்றில் கலக்கும் இடத்திலேயே தடுக்கவேண்டும். "பட்டறையை மூடினால் எங்கள் வயிறு?" என்று தோழர்கள் கேட்பது நியாயம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நொய்யலைக் கெடுத்து லாபம் பார்த்தவர்கள் வேறு. வேலை இழந்தவர்கள் தொழிலாளர்கள். ஆகவே சுத்திகரிப்புச் செலவு லாபத்திலிருந்து வரவேண்டும், கூலியிலிருந்து அல்ல என்கிறோம்.

தோழர்களே! தொட்டி கழுவிய தேதியை எழுதி வைக்கச் சொல்வோம். கடைசிக் குழாயில் நம் கண்முன்னே சோதிக்கச் சொல்வோம். உடைந்த குழாய்களைத் தெருவாரியாகப் பட்டியல் எடுத்து மனுக் கொடுப்போம். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், இந்தப் பொறுப்பை ஏற்கவேண்டும். "மருந்து போட்டாயிற்று" என்று சொன்னால், "மிச்சம் எவ்வளவு, காட்டுங்கள்!" என்று கேட்போம். கேட்கத் தெரிந்த தெருவை ஏமாற்றுவது கடினம்.