ஒரு போன் ரெக்கார்டிங் கோர்ட் ஏறின கதை

இந்த வாரம் அருப்புக்கோட்டை. 2018 ஏப்ரல்ல வாட்ஸ்அப் வச்சிருந்தவங்க பெரும்பாலும் அந்த ஆடியோவைக் கேட்டிருப்பீங்க. அப்போ ஸ்கூல்ல இருந்தவங்களுக்கு ஒரு சின்ன ரீகேப்.

ஒரு தனியார் கலைக் கல்லூரி. கணிதத் துறை உதவிப் பேராசிரியை ஒருத்தர், தன்கிட்ட படிக்கிற நாலு மாணவிகள்கிட்ட போன்ல பேசுறாங்க. பல்கலைக்கழகத்துல இருக்கிற பெரிய ஆளுங்களுக்கு இணங்கிப் போனா மார்க் வரும், பணம் வரும்னு ஆசை காட்டுறாங்க. மிரட்டல் தொனி கிடையாது. அக்கறையான டீச்சர் குரல்தான். அதனாலதான் கேக்கும்போது வயித்தைப் பிசையும். அந்தப் பொண்ணுங்க வேண்டாம்னு சொல்றாங்க, ஆனா 'மேடம்'ங்கிற மரியாதையை விடல. கூடவே ரெக்கார்ட் பண்ணிட்டாங்க.

மார்ச்சுல கல்லூரியில புகார் போச்சு, சஸ்பெண்ட் பண்ணாங்க. ஆனா போலீஸ் கைது பண்ணது ஏப்ரல் 16, ஆடியோ ஊரெல்லாம் பரவினதுக்கு அப்புறம். வழக்கு சிபிசிஐடி கைக்குப் போச்சு. இன்னொரு பக்கம், பல்கலைக்கழக வேந்தரா இருந்த ஆளுநர், ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி சந்தானத்தை வச்சு தனியா ஒரு விசாரணை ஆணையம் போட்டார். ஒரே விஷயத்துக்கு ரெண்டு விசாரணை எதுக்குன்னு அப்பவே எதிர்க்கட்சிகள் கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

பேராசிரியையோட பெயரை நான் சொல்லப் போறதில்ல, தேடினா ஒரு நிமிஷத்துல கிடைக்கும். எனக்கு இதுல தூக்கம் கெடுக்கிற விஷயம் வேற. ஊரே கேட்ட ஒரு குரல், கோர்ட்டுல அவங்க குரல்தான்னு எப்படி நிரூபிக்கிறது?

அவங்க அப்போ மதுரை சிறையில விசாரணைக் கைதி. கோர்ட் அனுமதி வாங்கி, ஜூன் மாசம் சென்னைக்குக் கூட்டிட்டு வந்து, மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்துல குரல் மாதிரி எடுத்தாங்க. இந்த டெஸ்ட்ல பொதுவா, ரெக்கார்டிங்ல இருக்கிற அதே சொற்களைத் திரும்பப் பேசச் சொல்வாங்க. அப்புறம் அந்த ரெண்டையும் அலைவரிசைப் படமா மாத்தி, சுருதி, உச்சரிப்பு, மூச்சு விடுற இடம் எல்லாத்தையும் ஒப்பிடுவாங்க. கைரேகை மாதிரி அவ்வளவு துல்லியம் இதுல கிடையாது. போன் லைன் குரலோட ஒரு பகுதியைத்தான் கடத்தும். வீட்டுல உட்கார்ந்து குழைஞ்சு பேசுற குரலும், ஜெயில்லேர்ந்து வந்து மைக் முன்னாடி வாசிக்கிற குரலும் ஒண்ணா இருக்குமா சொல்லுங்க?

இதுல இன்னொரு சிக்கல். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிரா சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அரசியலமைப்பு 20(3) சொல்லுது. குரல் மாதிரி கொடுக்கச் சொல்றது அதுல வருமா? 2018-ல இதுக்குத் தெளிவான பதில் இல்ல. 2019 ஆகஸ்ட்ல ரிதேஷ் சின்ஹா வழக்குலதான், மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், அது உரிமை மீறல் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2024 ஜூலைல வந்த புது நடைமுறைச் சட்டத்துல இது பிரிவு 349-ஆவே இருக்கு.

அடுத்து, ரெக்கார்டிங். நம்ம ஆளுங்க ஃபார்வர்ட் பண்ண காப்பிக்குக் கோர்ட்டுல மதிப்பு ரொம்பக் கம்மி. காப்பியைக் கொடுத்தா, எந்தக் கருவியில, எப்படி எடுத்ததுன்னு சான்றிதழ் வேணும். பழைய சட்டத்துல 65பி, இப்போ 63. ஒரிஜினல் போனையே அதோட சொந்தக்காரர் கொண்டுவந்து, இது என்னுதுன்னு சாட்சி சொன்னா சான்றிதழ் தேவையில்லைன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்துச்சு.

படிக்க ஈஸியா இருக்கு. ஒரு காலேஜ் பொண்ணு தன்னோட போனை போலீஸ்கிட்ட கொடுக்கிறதை யோசிச்சுப் பாருங்க. அம்மாவோட பேசினது, ஃப்ரெண்ட்ஸ் போட்டோ, எல்லாம் அதுக்குள்ளதான். எப்போ திரும்பி வரும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால யாராவது இந்த மாதிரி மாட்டினா, முதல்ல ஃபைலை ட்ரிம் பண்ணாதீங்க, பேர் மாத்தாதீங்க, குரூப்ல போடாதீங்க. போனை ரீசெட் பண்ணவே கூடாது. கல்லூரின்னா உள் புகார் குழு இருக்கணும். யுஜிசியோட 2015 விதிமுறைப்படி 3 மாசத்துக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும், அவங்க 90 நாளுக்குள்ள விசாரணையை முடிக்கணும். முடிப்பாங்களான்னு கேட்டா, தேதி போட்டு கையெழுத்து வாங்கின ஒரு நகல் உங்ககிட்ட இருந்தா முடிக்க வாய்ப்பு அதிகம்.

பேராசிரியைக்கு 2019 மார்ச்சுல ஜாமீன் கிடைச்சுது. தீர்ப்பு வந்தது 2024 ஏப்ரல் கடைசியில, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல. 10 வருஷம் சிறை. அதாவது அந்தப் பொண்ணுங்க டிகிரி முடிச்சு, வாழ்க்கையில எங்கெங்கோ போன பிறகு, 6 வருஷம் கழிச்சு. கூட வழக்குல இருந்த ரெண்டு பேர், ஒருத்தர் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர், இன்னொருத்தர் ஆய்வு மாணவர், குற்றம் நிரூபணமாகலன்னு விடுதலை ஆனாங்க.

விடுதலை ஆனவங்களை நாம குற்றவாளின்னு பேசக் கூடாது, கமென்ட்லயும் வேண்டாம். ஆனா அந்த ஆடியோவை இன்னொரு தடவை கேளுங்க. அதுல அவங்க தனக்காகப் பேசல, மேல இருக்கிற யாருக்காகவோ பேசுறாங்க. யாருக்காகங்கிற கேள்விக்கு, அந்தத் தீர்ப்புக்கு அப்புறமும் எனக்குப் பதில் கிடைக்கல.