கல்வெட்டில் பேர் இல்லாத பெண்

நடுவர் அய்யா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியிலே கல்லும் செப்பேடுமாகக் கனமாக உட்கார்ந்திருக்கிற அறிஞர் பெருமக்களே (சிரிப்பு), எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் மண்ணிலே திரண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, அடுப்பிலே ரசத்தை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னாலே உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே! ரசம் நுரை கட்டியிருக்கும், எழுந்து போய் அணைச்சிட்டு வந்துடுங்க. நான் காத்திருக்கேன். (சிரிப்பு, கைதட்டல்)

தலைப்பு என்ன? "முதன்முதலாகச் சரித்திரக் காதல் கதை எழுத உட்காருகிறவருக்குப் பெரிதும் கை கொடுப்பது கல்வெட்டா? கர்ணபரம்பரைக் கதையா?" நான் கர்ணபரம்பரைக் கதை கட்சி. அய்யா, மற்றவங்களுக்கு இது தலைப்பு. எனக்கு இது சொந்த வழக்கு. ஒன்றரை வருஷமா ஒரு நாவல் எழுதிக்கிட்டிருக்கேன். அதுதான் முதல் நாவல். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்துட்டு, பையன் தூங்கின பிறகு, சாப்பாட்டு மேஜையிலே உட்கார்ந்து எழுதறேன். எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இன்னும் பால் கணக்கு முடியலையா?"ன்னார். "இது தேவலோகத்துக் கணக்குங்க, அவ்வளவு சீக்கிரம் முடியாது"ன்னேன். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசின அய்யா கல்கியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "கல்கி கல்வெட்டைப் படிச்சார், சரித்திரப் பேராசிரியர்களைப் படிச்சார், அதனாலே எழுதினார்"ன்னார். வாஸ்தவம். கல்கியோட முதல் சரித்திர நாவல் பார்த்திபன் கனவு. 1941லே கல்கி பத்திரிகையிலே ஆரம்பிச்சு 1943 வரைக்கும் வந்தது. அடுத்து 1944லேயிருந்து 1946 வரைக்கும் சிவகாமியின் சபதம். மகேந்திரவர்மன் உண்டு, மாமல்லன் உண்டு, புலிகேசி உண்டு, 642லே வாதாபி விழுந்தது உண்டு. இது எல்லாமே சரித்திரம். ஒத்துக்கறேன். ஆனால் அந்தக் கதையைப் படிச்ச நம்ம அம்மாக்கள், பாட்டிமார்கள் யாருக்காக அழுதாங்க? புலிகேசிக்காகவா? (சிரிப்பு) சிவகாமிக்காக அழுதாங்க. அந்தச் சிவகாமி எந்தக் கல்வெட்டிலே இருக்கா? எந்தச் செப்பேட்டிலே இருக்கா? தேடிக் காட்டுங்க, நான் இப்பவே இறங்கிப் போயிடறேன். (கைதட்டல்)

ஒரு நியாயம் சொல்லணும். சிவகாமி பாட்டி கதையிலே வந்தவளும் கிடையாது. கல்கியோட மனசிலே பிறந்தவ. ஆனா எங்கே பிறந்தா? ரசிகமணி டி.கே.சி.யோட மாமல்லபுரத்துக் கடற்கரை மணல்லே உட்கார்ந்திருந்தபோதுன்னு அவரே முன்னுரையிலே சொல்றார். நூலகத்திலே இல்லீங்க அய்யா, கடற்கரையிலே!

நானும் அந்தக் கடற்கரைப் பேத்திதான். எங்க ஆயா பிறந்தது கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவிலே ஒரு மீனவக் குப்பம். கல்யாணமாகி உள்ளே இந்த ஊருக்கு வந்துடுச்சு. மலைப் பக்கம் வந்தாலும் ஆயாவுக்குப் பேச்செல்லாம் கடல்தான். "கரையிலே நிக்குதே, அது ஏழாவது கோயில் கண்ணு. மத்த ஆறும் உள்ளே கிடக்கு"ன்னு சொல்லும். "ஏன் ஆயா உள்ளே போச்சு?"ன்னா, "ரொம்ப அழகா இருந்துச்சாம், அதான்"னு சொல்லும். சின்ன வயசிலே எனக்கு அது புரியலே. அழகா இருந்தா முழுகிப் போகணுமா?

பின்னாலே தேடிப் பார்த்தேன். ஆயா சொன்னது ஆயாவோட கதை மட்டுமில்லே. வில்லியம் சேம்பர்ஸ்னு ஒரு ஆங்கிலேயர் 1772லேயும் 1776லேயும் மாமல்லபுரத்துக்கு வந்தார். ஊர்ப் பெரியவங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டுப் போய் எழுதினார். 1788லே அச்சாச்சு. அதிலே என்ன இருக்கு தெரியுமா? கடலுக்குள்ளே ரொம்ப தூரத்திலே கோயில் சிகரங்கள் தெரிஞ்சதுன்னும், அதுக்குச் செப்புத் தகடு போர்த்தியிருந்ததுன்னும், சூரியன் உதிக்கும்போது பளபளன்னு மின்னுமுன்னும் வயசானவங்க சொன்னாங்களாம். "இப்ப ஏன் மின்னலே?"ன்னா, செம்பிலே பாசி பிடிச்சுக் களிம்பு ஏறிப்போச்சாம்! பாருங்கய்யா, கதை சொன்ன கிழவன் எவ்வளவு கெட்டிக்காரன்! களிம்பு வரைக்கும் யோசிச்சு வச்சிருக்கான். புளி போட்டு விளக்க ஆள் இல்லே, அவ்வளவுதான். (சிரிப்பு)

அதே சேம்பர்ஸ் ஒரு காதல் கதையும் எழுதி வச்சிருக்கார். மாமல்லபுரத்தை ஆண்ட ஒரு ராஜா. அவர் எழுதின எழுத்தைப் படிச்சா 'மலெச்சேரன்'னு வருது. நம்ம ஊர்ப் பேர் எதுவோ அவர் காதிலே அப்படி விழுந்திருக்கு. ராஜா மாறுவேஷத்திலே தனியா ஒரு தோட்டத்துக்குப் போறான். அங்கே ஒரு ஊற்று. தேவலோகத்துப் பெண்கள் ரெண்டு பேர் குளிக்க வந்திருக்காங்க. ஒருத்தி மேலே இவனுக்குக் காதல். அவளும் சம்மதிக்கிறா. அடிக்கடி சந்திக்கிறாங்க. அப்புறம் அந்தப் பெண்கள் மூலமா ஒரு தேவன் சிநேகிதமாகிறான். ராஜா அவன்கிட்டே கெஞ்சி, மாறுவேஷத்திலே இந்திரசபையைப் போய்ப் பார்த்துட்டு வர்றான். மனுஷன் எவனும் பார்க்காத இடம்! பார்த்தவன் சும்மா இருப்பானா? நம்ம வீட்டிலே பக்கத்து வீட்டு டைல்ஸைப் பார்த்துட்டு வந்தாலே ஆறு மாசம் தூக்கம் இல்லே. (சிரிப்பு) ஊருக்குத் திரும்பி வந்து, அதே மாதிரி தன் நகரத்தை அலங்கரிச்சான். பூலோகத்திலேயே இப்படி ஒரு நகரம் கிடையாதுன்னு பேர் வந்தது. பேச்சு தேவலோகத்துக்குப் போச்சு. தேவர்களுக்குப் பொறாமை. சமுத்திரராஜனுக்கு உத்தரவு போட்டாங்க. அலை வந்தது. நகரம் போச்சு.

ஆயா சொன்ன "ரொம்ப அழகா இருந்துச்சாம், அதான்" இதுதான்!

இங்கிலாந்திலே ராபர்ட் சதேன்னு ஒரு கவிஞர். இந்தியாவுக்கு வந்ததே இல்லே. 1810லே நம்ம புராணத்தையெல்லாம் வச்சு ஒரு நீண்ட காவியம் எழுதினார். அதிலே கடலுக்குள்ளே முழுகின மாமல்லபுரத்துக்குத் தனியா ஒரு பகுதி. நம்ம குப்பத்துக் கிழவன் சொன்ன கதை கப்பலேறிப் போய்க் காவியமாச்சு. நாம என்ன செய்தோம்? கடற்கரையிலே சுண்டல் சாப்பிட்டுட்டு வந்துட்டோம். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி அய்யா கேட்டார்: "பாட்டி கதை பொய்யாச்சே அம்மா, பொய்யை நம்பிச் சரித்திரம் எழுதலாமா?" அய்யா, உங்க கட்சிக்காரரையே சாட்சிக் கூண்டிலே ஏத்தறேன். வேலூர்ப்பாளையம் செப்பேடு. பல்லவர் செப்பேடு, சுத்தமான அரசாங்க ஆவணம். அது என்ன சொல்லுது? பல்லவர் குலத்திலே ஒருத்தர் நாகராஜன் மகளைக் கல்யாணம் பண்ணி, அவளோட கூடவே ராஜ சின்னங்களையும் அடைஞ்சாராம். அமராவதியிலே ஒரு தூணிலே பல்லவர் கல்வெட்டு இருக்கு. அசுவத்தாமனுக்கும் மதனிங்கிற தேவகன்னிக்கும் பிறந்த குழந்தை தளிர்களின் மேலே கிடந்ததாம். 'பல்லவம்'னா தளிர், அதனாலே பல்லவன்னு பேராம். இது என்ன சரித்திரமா? ஆயா கதை! ஆயா வாயாலே சொல்லிச்சு, ராஜா உளியாலே சொன்னான். வித்தியாசம் அவ்வளவுதான் அய்யா. (பலத்த கைதட்டல்)

இன்னொரு பிள்ளையும் உண்டு. பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதின நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்றார். ஒரு சோழன் பிலத்துக்குள்ளே இறங்கி நாகலோகம் போய் ஒரு நாகப் பெண்ணோட வாழறான். பிரியும்போது, பிள்ளை பிறந்தா அடையாளமாத் தொண்டைக்கொடியைக் கட்டிக் கடல்லே விடு, கரை வந்து சேர்ந்தா நாட்டைக் கொடுக்கறேன்னு சொல்றான். திரை கொண்டுவந்து சேர்த்த பிள்ளை, அதனாலே திரையன், கொடியாலே தொண்டைமான். அவன் ஆண்ட காஞ்சி நாடுதான் நாம உட்கார்ந்திருக்கிற இந்தத் தொண்டை நாடு. மணிமேகலையிலேயும் இதுக்கு அக்கா தங்கை மாதிரி ஒரு கதை வருது. அங்கே அந்த நாக கன்னிகைக்குப் பேர் பீலிவளை. ராஜாவோட ஒரு மாசம் இருந்துட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிடறா.

ஒரு தாய் பெத்த பிள்ளையைக் கொடியிலே கட்டி அலை மேலே விடறாளே, அந்த நிமிஷம் அவ கை எப்படி இருந்திருக்கும்? உரையாசிரியர் சொல்லலே. கல்வெட்டும் சொல்லாது. முதல் நாவல் எழுதறவளுக்கு அந்த இடைவெளி போதும், உள்ளே நுழைஞ்சுடலாம். கல்வெட்டிலே இடைவெளி இருந்தா அங்கே கல் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். (சிரிப்பு) நான் நுழைய வழி இல்லே.

நம்ம ஊரையே பாருங்க. இந்த மலையைக் குடைஞ்சு கோயில் எடுத்தது பல்லவர் காலம்னு சரித்திரம் சொல்லும். ஜாபாலி முனிவருக்காக நரசிம்மர் இங்கே காட்சி கொடுத்தார்னு கதை சொல்லும். பெருமாளைச் சுத்தணும்னா மலையையே சுத்தணும். சுத்தி வர்ற பாட்டிகள் பேரப்பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கிட்டே சுத்தறாங்க? மூணாவது கண்ணைச் சொல்லித்தான். திருக்கழுக்குன்றத்திலே தினம் உச்சி வேளையிலே கழுகு வரும்னு பார்க்கக் கூட்டம் போகும். பல வருஷமாக் கழுகு வர்றதில்லே. கதை மட்டும் இன்னும் வந்துக்கிட்டிருக்கு.

மாமல்லபுரத்திலே பெரிய பாறைச் சிற்பம். அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசான்னு அறிஞர்களுக்கு இன்னும் சண்டை தீரலே. கீழே ஒரு பூனை ஒத்தைக்கால்லே நின்னு தவம் பண்ணுது, காலடியிலே எலிங்க. போலிச் சாமியார்ப் பூனைக் கதை! ராஜா கொடுத்த பாறையிலே தன் பாட்டி கதையைச் செதுக்கிட்டுப் போயிருக்கான் சிற்பி. (கைதட்டல்)

சரி, இப்ப சிரிக்கிற விஷயம் இல்லே. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கடல் முதல்லே உள்வாங்குச்சு. மாமல்லபுரத்துக் கரையிலே நின்னவங்க, உள்ளே வரிசையாப் பாறைகளைப் பார்த்ததாச் சொன்னாங்க. அப்புறம் அலை வந்தது. மணல் அடிச்சுக்கிட்டுப் போனதிலே பழைய சிற்பங்கள் வெளியே வந்தது. சாளுவன்குப்பத்திலே ஒரு பாறைக் கல்வெட்டு வெளிப்பட்டு, 2005லே தோண்டினப்ப செங்கல் அஸ்திவாரத்தோட ஒரு பழைய முருகன் கோயில் கிடைச்சது. அதுக்கும் முன்னாலே 2002லேயே முக்குளிப்பவங்க இறங்கிப் பார்த்துக் கடலடியிலே கட்டுமானக் கற்கள் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. ஆறு கோயிலும் இருந்ததுன்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னு நான் சொல்ல வரலே. அப்படி ஆகலே. ஆனா ஆயா சும்மா உளறலேன்னு மட்டும் தெரிஞ்சது.

அந்தக் காலையிலே எங்க ஆயா பிறந்த குப்பத்திலேயும் வீடு போச்சு, வலை போச்சு, ஆளும் போச்சு. நாங்க சோறு கட்டி எடுத்துக்கிட்டு இந்த ஊர்லேயிருந்து போனோம். ஆயா அப்ப உயிரோட இருந்துச்சு. கரையிலே உட்கார்ந்து கடலையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. அன்னைக்கு ஆறு கோயில் கதையைச் சொல்லலே. அதுக்குப் பிறகும் சொல்லவே இல்லே.

இப்ப என் நாவல்லே கடைசி அத்தியாயத்துக்கு வந்து நிக்கறேன். கதைப்படி தேவர்கள் பொறாமைப்பட்டு நகரத்தை முழுக அடிக்கணும். என்னாலே அதை எழுத முடியலீங்க. நகரம் அழகா இருந்தது குத்தம், ராஜா ஆசைப்பட்டது குத்தம், அதனாலே கடல் வந்ததுன்னு நான் எழுதினா, அந்தக் குப்பத்திலே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்கிட்டே நான் என்ன சொல்றதா அர்த்தம்? நீ என்ன பாவம் பண்ணினேன்னு கேட்கிறதா ஆகாதா? (அமைதி)

எதிரணி அய்யா இப்ப சந்தோஷப்படுவார், "பார்த்தியா, உன் கதை உன்னைக் கைவிட்டுடுச்சு"ன்னு. இல்லீங்க அய்யா. கல்வெட்டோட நான் சண்டை போட முடியுமா? 642லே வாதாபி விழுந்ததுன்னா விழுந்ததுதான். என் இஷ்டத்துக்கு 643ன்னு எழுதினா நீங்களே அடிக்க வருவீங்க. (சிரிப்பு) ஆயா கதையோட நான் சண்டை போடலாம். "இது நியாயமா ஆயா?"ன்னு கேட்கலாம். சேம்பர்ஸ் கிட்டே சொன்னவன் ஒரு விதமாச் சொன்னான், எங்க ஆயா ஒரு விதமாச் சொல்லிச்சு, நான் ஒரு விதமாச் சொல்லப் போறேன். அதுக்குத்தான் அது வாய்வழியா வந்துச்சு.

என் கதையிலே கடல் வரும். யார் உத்தரவும் இல்லாம வரும். அந்தத் தேவகன்னிக்கு மட்டும் அது வர்றது தெரியும், ஏன்னா அவ மேலேயிருந்து பார்க்கிறவ. அவ இறங்கி வந்து ஊரை எழுப்பணுமா, வந்தா திரும்பிப் போக முடியாதுன்னு இருந்துடணுமா? ஒரு மாசமா அந்த இடத்திலேயே நிக்கறேன். நேத்து ராத்திரிதான் அவளைத் தோட்டத்து ஊற்றுப் பக்கம் இறக்கி விட்டிருக்கேன். இன்னும் யாரையும் எழுப்பலே.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டீங்க அய்யா. ஒரே ஒரு விண்ணப்பம், உட்கார்ந்துடறேன். தீர்ப்பை எங்க கட்சிக்கு நீங்க சொல்லிடுவீங்க, எனக்குத் தெரியும். (சிரிப்பு) அமராவதிக் கல்லிலே இருக்கிற தேவகன்னிக்கு மதனின்னு பேர் இருக்கு. மணிமேகலையிலே பீலிவளைக்குப் பேர் இருக்கு. எங்க மாமல்லபுரத்துக்காரிக்கு சேம்பர்ஸ் பேர் எழுதி வைக்கலே. எங்க ஆயாவும் சொல்லலே. நானூறு பக்கம் 'அவள், அவள்'னே எழுதிட்டேன். ராஜா அவளைக் கூப்பிட வேண்டிய இடம் வந்துடுச்சு. தமிழ் தெரிஞ்ச நீங்க ஒரு நல்ல பேரா இன்னைக்கு ராத்திரிக்குள்ளே சொல்லி அனுப்புங்க அய்யா.

(பலத்த கைதட்டல்)