தண்ணீர் ஏற்றினால் பிள்ளை பிழைக்குமா?
அவசர மருத்துவ ஆய்வும் கணக்குச் சோதனைகளும்



காய்ச்சலில் துவண்டுபோன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் நம் தாய்மார்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி ஏத்த மாட்டீங்களா, டாக்டர்?" என்பதுதான். பாட்டில் ஒன்று மேலே தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று நமக்கு ஒரு நிறைவு. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. அதிர்ச்சி நிலையிலுள்ள பிள்ளைக்கு நரம்பின் வழியாக விரைந்து தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றே மருத்துவ நூல்களும் விதித்திருந்தன. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த விதியை உலுக்கிவிட்டது. எப்படி உலுக்கியது என்பதை நாம் கணக்குப் போட்டே பார்க்கப் போகிறோம். காகிதமும் பென்சிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நல்லது.

அதற்கு முன் ஒரு தேநீர்க் கதை. 1920களில் இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிஷர் என்ற கணித அறிஞர் பணியாற்றினார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அங்கிருந்த ஒரு பெண்மணி கூறினாராம். அதை எப்படிச் சோதிப்பது என்பதை ஃபிஷர் 1935இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் சொல்லி எல்லாம் சரியாக அமைய, எழுபதில் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது.

இந்த 'எழுபதில் ஒன்று' என்பதைத்தான் ஆய்வாளர்கள் பி-மதிப்பு என்கிறார்கள். இதன் பொருளை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் பொய் சொல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்று என்று இதற்குப் பொருளல்ல. அவருக்கு அந்தத் திறமை அறவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படிப்பட்ட விடை தற்செயலாகக் கிடைக்க எழுபதில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். படித்தவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். இருபதில் ஒன்றுக்குக் கீழே போனால் 'இது வெறும் தற்செயலாக இருக்காது' என்று கொள்வது வழக்கம். அந்த இருபது வழக்கம்தானே தவிர, இயற்கை வகுத்த எல்லை அன்று.

சரி, எந்தச் சோதனையை எங்கே பயன்படுத்துவது? கையில் இருப்பது எண்ணியதா, அளந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். பிழைத்தார், இறந்தார் என்று தலையை எண்ணினால் கைவர்க்கச் சோதனை. எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால், கோப்பைக் கதையில் கண்ட ஃபிஷரின் துல்லியச் சோதனை. இரத்த அழுத்தம் போல் அளந்து எழுதியதாக இருந்தால், சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை. ஆனால் சராசரி எப்போதும் நேர்மையாகப் பேசுவதில்லை. அவசரப் பிரிவில் ஒன்பது பேர் ஆளுக்கு 20 நிமிடம் காத்திருந்தார்கள், பத்தாவது ஆள் 300 நிமிடம் காத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 48 நிமிடம் என்று வரும். அங்கே 48 நிமிடம் காத்திருந்தவர் யார்? ஒருவருமில்லை. இத்தகைய இடத்தில் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்ப்பதும், தர வரிசையை ஒப்பிடும் மான்-விட்னி சோதனையும்தான் பொருந்தும்.

இப்போது ஆப்பிரிக்காவுக்குப் போவோம். கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் ஆறு மருத்துவமனைகள். கடுங்காய்ச்சலோடு, இரத்த ஓட்டம் குன்றிய நிலையில் வந்த 3141 பிள்ளைகள். இவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உப்புநீர், இன்னொரு பிரிவுக்கு அல்புமின் என்னும் புரதம் கலந்த நீர். இவை வேகமாக ஏற்றப்பட்டன. மூன்றாம் பிரிவுக்கு அந்த வேகமான ஏற்றம் இல்லை. உடம்புக்கு அன்றாடம் தேவையான அளவு நீர் மட்டுமே. மற்றச் சிகிச்சைகள் எல்லாருக்கும் ஒன்றே. குலுக்கிப் பிரித்ததன் காரணம், மோசமான பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான். இது சரியாக நடக்காவிட்டால், பிறகு எந்தச் சோதனை போட்டும் பயனில்லை.

48 மணி நேரத்தில் என்ன நடந்தது? உப்புநீர் ஏற்றிய 1047 பிள்ளைகளில் 110 பேர் இறந்தார்கள். ஏற்றாத 1044 பேரில் 76 பேர் இறந்தார்கள். பென்சிலை எடுங்கள். இரு பிரிவிலும் சேர்த்து இறந்தவர் 186. தண்ணீர் ஏற்றுவதால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றால், பிரிவுக்குப் பாதியாக 93 பேர் இறந்திருக்க வேண்டும். நடந்ததோ ஒரு பக்கம் 17 கூடுதல், மறு பக்கம் 17 குறைவு. 17ஐ 17ஆல் பெருக்கினால் 289. அதை 93ஆல் வகுத்தால் 3.1, இது இரண்டு தடவை. பிழைத்தவர் பக்கமும் அதே 17 வித்தியாசம்தான். ஆனால் அங்கே எதிர்பார்த்தது 950க்கு மேல் என்பதால் 0.3 தான் வரும். அதுவும் இரண்டு தடவை. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 6.8. இதுவே கைவர்க்க மதிப்பு. இரண்டு பிரிவு, இரண்டு முடிவு என்ற கணக்கில் 3.84ஐத் தாண்டினாலே இருபதில் ஒன்றுக்குக் கீழே. 6.8 என்றால் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, பார்த்தீர்களா?

ஆனால் 6.8 என்ற எண் ஒரு தாய்க்கு எதைச் சொல்லும்? அதை ஆளாக மாற்ற வேண்டும். ஆயிரம் பிள்ளைகளுக்கு வேகமாகத் தண்ணீர் ஏற்றினால், ஏற்றாமல் இருந்ததைவிட ஏறத்தாழ 32 பிள்ளைகள் கூடுதலாக இறந்தார்கள். விகிதமாகச் சொன்னால் 1.44 மடங்கு, உண்மை 1.09க்கும் 1.90க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த இடைவெளியைப் பி-மதிப்பைவிடப் பயனுள்ளதாக நாம் கருதுகிறோம். அபாயம் சிறிதாகவும் இருக்கலாம், இரு மடங்கை நெருங்கவும் செய்யலாம் என்பதை அது மறைக்காமல் சொல்கிறது. எண்களைக் கண்காணித்து வந்த குழுவினர், 3600 பிள்ளைகளைச் சேர்ப்பது என்ற திட்டம் நிறைவேறும் முன்பே ஆய்வை நிறுத்தச் சொன்னார்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய பிள்ளைகளும், கடும் ஊட்டக்குறைவு உள்ள பிள்ளைகளும் இந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. ஆகவே வயிற்றுப்போக்குக்கு வந்த பிள்ளைக்கு டாக்டர் தண்ணீர் ஏற்ற வரும்போது, 'ரேடியோவில் வேண்டாம் என்றார்களே' என்று தயவுசெய்து தடுக்காதீர்கள். ஆய்வில் யார் இருந்தார்களோ அவர்களைப் பற்றித்தான் விடை பேசும்.

எதை எண்ணினார்கள் என்பதும் பெரிய கேள்வி. இதயம் நின்றுபோனவர்களுக்கு அட்ரினலின் ஊசி போடுவதைப் பற்றி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 8014 பேரை வைத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். முப்பது நாள் கழித்து உயிரோடு இருந்தவர், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 3.2, வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 2.4. பி-மதிப்பு நூற்றில் இரண்டு. வெற்றி என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் நல்ல நினைவோடு தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் வீடு திரும்பியவர்கள் 2.2, 1.9 என்று நெருங்கிவிட்டார்கள். பிழைத்தவர்களுள் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஊசி போட்ட பக்கத்தில் நூற்றுக்கு 31, மறுபக்கம் 17.8. எந்த எண்ணிக்கை முக்கியம் என்று சோதனை சொல்லாது. அதைக் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும்.

இறுதியாக ராசிபலனுக்கு வருவோம். மாரடைப்பு என்று ஐயுற்றுச் சேர்க்கப்பட்ட 17,187 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1988இல் வெளிவந்தது. ஆஸ்பிரின் பெற்றவர்களில் ஐந்து வாரத்தில் இதய, இரத்தக் குழாய்க் கோளாறால் இறந்தவர் நூற்றுக்கு 9.4, பெறாதவர்களில் 11.8. சந்தேகத்துக்கு இடமில்லாத பயன். ஆனாலும் ஆண்களுக்கு எப்படி, பெண்களுக்கு எப்படி, முதியவர்களுக்கு எப்படி என்று கூறுபோட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் இருப்பார்களே! ஆய்வாளர்கள் பிறந்த தேதியைக் கொண்டு ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மேல்நாட்டு முறையில் மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுத் தீமை செய்வதுபோல் தெரிந்தது! (நம் பஞ்சாங்கம் சந்திரனைக் கொண்டு ராசி பார்ப்பது, அது வேறு கணக்கு.) பன்னிரண்டு கூறாக வெட்டினால், ஏதேனும் ஒன்றிரண்டு கூறு தற்செயலாகவே தலைகீழாக நிற்கும் என்பதைக் காட்டவே இதைச் செய்தார்கள். அதற்காக எந்த மருத்துவரும் மிதுன ராசிக்காரருக்கு ஆஸ்பிரினை மறுக்கவில்லை.

ஆனால் 'இந்த மருந்து ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மட்டும் வேலை செய்கிறது' என்று பத்திரிகையில் வந்தால், நாம் ராசியைப் பார்த்துச் சிரித்ததுபோல் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அந்தக் கேள்வி ஆய்வு தொடங்குமுன் எழுதி வைக்கப்பட்டதா, முடிவு தெரிந்தபின் தோண்டி எடுக்கப்பட்டதா என்பதை அந்தச் செய்தியின் கடைசி வரிவரை தேடிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது அங்கே இருக்காது.