ஜெபப் பாயில் எல்லோருக்கும் இடம்

(நூற்றாண்டு நன்றி வழிபாட்டை அடுத்து நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் சாம்பல்தீவில் பிறந்த நான்கு சகோதரிகள். நால்வரும் நிலாவெளி வீதியால் பஸ்ஸில் வந்து இக்கல்லூரியில் படித்தோம். இன்று இருவர் திருகோணமலையிலும், ஒருவர் லண்டனிலும், ஒருவர் ரொறன்ரோவிலும் வாழ்கிறோம். வீட்டில் விசுவாசத்தை வளர்ப்பது பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது, நால்வரும் தொலைபேசியில் கதைத்தே இவ்வுரையை எழுதினோம். ஆகவே வாசிப்பது ஒருவரானாலும் "நாங்கள்" என்றே சொல்கிறோம்.

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு அம்மா விறாந்தையில் பாய் விரிப்பார். ஒரு பாட்டு, சங்கீதத்தில் சில வசனங்கள், ஒரு சிறு ஜெபம். கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். எல்லோருக்கும் வேலை இருந்தது. மூத்தவள் லாம்புச் சிமினியைத் துடைப்பாள். இரண்டாமவள் பாட்டைத் தெரிவாள். மூன்றாமவள் வேதாகமம் வாசிப்பாள். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வது கடைக்குட்டியின் வேலை. ஒருநாள் அவள் கிணற்றடியில் குட்டி போட்ட பூனையைச் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை, பூனைக்காகவும் ஜெபித்தார்.

அயல் வீடுகள் பெரும்பாலும் சைவ வீடுகள். நத்தாருக்குக் குசினியில் எல்லோரும் கூடிப் பலகாரம் சுடுவோம். அதைத் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவது பிள்ளைகளின் பொறுப்பு. தைப்பொங்கலன்று அதே தட்டுகள் பொங்கலோடு திரும்பி வரும். அயலாரை நேசிப்பது என்பதை நாங்கள் முதலில் படித்தது அந்தத் தட்டுகளில்தான்.

வாரத்துக்கு ஒரு வசனம் மனனம் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அது எதற்கு என்று 1990 ஆனி மாதம் விளங்கியது. மீண்டும் சண்டை மூண்டு, கையில் அகப்பட்டதோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். வேதாகமம் வீட்டில் கிடந்தது. தஞ்சமடைந்த பாடசாலைக் கட்டடத்தில் விளக்கில்லை. இருட்டில் அம்மா ஒரு சங்கீதத்தைத் தொடங்கினார். நாங்கள் ஆளுக்கொரு வசனமாகச் சொல்லி முடித்தோம். மூன்று வயதுக் கடைக்குட்டி அம்மாவின் மடியில் நித்திரை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவருடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் நினைவுகூருகிறார். ஏனென்று அன்றிரவு எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது என்பதையும் நாங்கள் கற்க வேண்டியிருந்தது.

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் தீவில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தக் கடல், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த எங்கள் கடைசித் தங்கையின் சிநேகிதியையும் கொண்டுபோனது. அன்றிரவு அம்மா ஜெபத்தைத் தொடங்கியதும் தங்கை எழும்பிவிட்டாள். "ஆரிட்ட ஜெபிக்கிறியள்? கேக்கிற ஆள் எங்க?" என்றாள். உறவினர் சிலர் அவளைக் கண்டிக்க வாயெடுத்தார்கள். அம்மா அவர்களைத் தடுத்தார். "நீ ஜெபிக்க வேண்டாம், பிள்ளை. பக்கத்தில மட்டும் இரு" என்றார்.

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயின் ஓரத்தில் இருந்தாள். மாதக்கணக்காக அப்படித்தான். அம்மா ஒருநாளும் விளக்கம் கேட்கவில்லை. அவளுக்குப் புத்தி கொடும் என்று உரத்து ஜெபிக்கவும் இல்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்து ஓரிரவு, யாருக்காக ஜெபிப்போம் என்று அம்மா வழமைபோலக் கேட்டார். தங்கை சிநேகிதியின் பெயரை மட்டும் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே அவளுடைய ஜெபம்.

அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். "அண்டைக்கு எனக்கு ஏசியிருந்தால் பாயை மட்டுமில்லை, வீட்டையும் விட்டுப் போயிருப்பன்" என்று அவள் இன்றும் சொல்வாள்.

இப்படி வளர்ந்த நாங்களே தாய்மாரானபோது தவறினோம். எங்கள் வீட்டு ஜெபங்கள் நீண்டன. பரீட்சைப் புள்ளி, கைத்தொலைபேசி, பிந்தி எழும்புவது எல்லாம் ஜெபத்துக்குள் வந்தன. ஒருநாள் எங்களில் ஒருவரின் மகன் கேட்டான்: "அம்மா, நீங்கள் கடவுளோடயா கதைக்கிறியள், இல்லாட்டி எனக்கு ஏசுறியளா?" அவன் சொன்னது சரி என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம்.

அப்போதுதான் சூசன்னா வெஸ்லியின் கதையை மறுபடி வாசித்தோம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தாய். அந்தத் திருச்சபையின் மிஷனரிமார் 1814இல் காலியில் வந்திறங்கியதை நம்மிற் பலர் அறிவோம். 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர் சூசன்னா. குடும்ப ஜெபத்துக்கு அப்பால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கித் தனியே பேசினார். ஜோனுக்கு வியாழன், சார்ல்ஸுக்குச் சனி. வளர்ந்து ஆளான பின்பும் அந்த வியாழன் மாலை நேரத்துக்காக ஜோன் ஏங்கித் தாய்க்கு எழுதினார்.

நாங்கள் இப்போது மூன்று காரியங்களைக் கடைப்பிடிக்கிறோம். ஜெபம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. அதில் சின்னவருக்கும் ஒரு வேலை உண்டு. ஜெபத்தில் யாருக்கும் ஏச்சு இல்லை. அன்று பிள்ளையிடம் கோபித்திருந்தால், பெற்றோரே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாரத்தில் அரை மணித்தியாலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே உரியது. வெங்காயம் உரிக்கும்போதோ, கடற்கரையில் நடக்கும்போதோ, ரொறன்ரோவில் நீச்சல் வகுப்புக்குக் காரில் போகும்போதோ அது நடக்கலாம். பிள்ளை பேசட்டும், நாம் கேட்போம்.

2020இல் ஊரடங்கு வந்து, சித்திரை 12ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று ஆலயங்கள் பூட்டியிருந்தன. அன்று நான்கு வீடுகளும் ஒரே தொலைபேசி அழைப்பில் கூடினோம். எங்களுக்கு மாலை 6.30, லண்டனில் பிற்பகல் 2.00, ரொறன்ரோவில் காலை 9.00. ஞாயிறுதோறும் இன்றும் அது தொடர்கிறது. அம்மா தொலைபேசிக்கு முன்னால் இன்னமும் பாய் விரிக்கிறார். யாருக்காக ஜெபிப்போம் என்று கேட்பவர் அவரே. இப்போது பதில் சொல்வது பேரப்பிள்ளைகள்.

அன்பானவர்களே, உங்களில் வேறு சமயத்தவரும் உண்டு. உங்கள் வீட்டுச் சுவாமி விளக்கடியிலும் தொழுகை விரிப்பிலும் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லா வீட்டுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் பிள்ளை இன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தால், இருக்கட்டும். பாயை மட்டும் சுருட்டிவிடாதீர்கள்.

கடவுள் நம் இல்லங்களையும் நம் கல்லூரித் தாயையும் ஆசீர்வதிப்பாராக.