ஆண் பிறப்பதும் பெண் பிறப்பதும் யார் செயல்?



"பெண்ணாகவே பெற்றுப் போடுகிறாளே" என்று மருமகளை ஏசுவதும், "வாரிசுக்கு வேறு பெண் பார்க்கிறோம்" என்று மிரட்டுவதும் நாம் கண்டும் கேட்டும் வருகிற சங்கதிகளாகும். இதற்கு முன் ஜென்மத்துப் பாவமென்றும் கிரக தோஷமென்றும் பேர் வைத்துப் பரிகாரப் பணம் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். உயிர்கள் பிறக்கும் விதத்தை ஆராய்ந்த விஞ்ஞானம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறதென்று இன்று பார்ப்போம்.

உயிர்கள் பெருகுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆண் பெண் சேர்க்கையே இல்லாமல் பெருகுவது. குட்டைத் தண்ணீரிலுள்ள அமீபா என்னும் மிகச் சிறிய ஜீவன் தன் உடலையே பிளந்துகொண்டு இரண்டாகிவிடுகிறது. அதில் தாய் எது, பிள்ளை எது என்று கேட்டால் பதில் கிடையாது. நாம் நடுகிற வாழைக் கன்றும், கரும்புக் கரணையும், முருங்கைப் போத்தும் இந்த வகையைச் சேர்ந்தவையே. தாய் எப்படியோ கன்றும் அப்படியே. இதில் சுலபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. மத்திய அமெரிக்காவில் குரோ மிஷெல் என்ற ஒரே ரக வாழையைப் பெருந்தோட்டங்களாகப் பயிரிட்டார்கள். எல்லாம் ஒரே அச்சானபடியால், ஒன்றைக் கொன்ற வாடல் நோய் மற்றவற்றையும் கொன்றது. 1960-களுக்குள் ஏற்றுமதி வியாபாரம் வேறு ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

மற்றொரு வழி, இரண்டு பேர் கலந்து ஒரு புது உயிர் உண்டாவது. மனிதர் பிறப்பது இவ்வழியிலேயாகும்.

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. சாதாரண உயிரணுவில் குரோமோசோம் என்னும் இழைகள் 46, அதாவது 23 ஜோடிகள் இருக்கின்றன. 48 என்றுதான் விஞ்ஞானிகளே வெகுகாலம் நம்பி வந்தார்கள். 1956-ல் ட்யோ, லேவான் என்ற இருவர் 46 என்று காட்டியதும், பழையது தப்பென்று ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டார்கள். நம் சாஸ்திரக்காரர்கள் என்றைக்காவது இப்படித் திருத்திக்கொண்டதுண்டா?

காயம் ஆறும்போது உயிரணு தன் இழைகளுக்கெல்லாம் ஒரு நகல் எடுத்துக்கொண்டு இரண்டாகப் பிரிகிறது. இரண்டிலும் 46 இருக்கும். ஆனால் விந்தணுவும் முட்டையும் உண்டாகும்போது மட்டும் ஜோடிகள் பிரிந்து, ஜோடிக்கு ஒன்றாக 23 இழைகளே சேருகின்றன. தகப்பனின் 23-ம் தாயின் 23-ம் கூடி மறுபடியும் 46 ஆகிறது.

மனுதர்ம சாஸ்திரம் ஆணை விதையென்றும் பெண்ணை நிலமென்றும் சொல்லுகிறது. நிலம் பாதி விதையைக் கொடுக்குமா, தோழர்களே? தாயோ பாதி இழைகளைக் கொடுக்கிறாள். அதற்கு மேலும், உயிரணுவுக்குச் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்ற உறுப்புகள் பிள்ளைக்குத் தாயின் முட்டையிலிருந்தே வருகின்றன.

நிற்க, ஆணா பெண்ணா என்பதற்கு வருவோம். அந்த 23 ஜோடிகளில் ஒரு ஜோடிதான் இதைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு அது எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். ஆகவே தாயின் முட்டையில் இருப்பது எப்போதும் எக்ஸ்தான். விந்தணுக்களில் ஏறக்குறையப் பாதியில் எக்ஸும் பாதியில் ஒய்யும் இருக்கின்றன. எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி. 1905-ல் மாவுப்புழுவை ஆராய்ந்து இந்த வித்தியாசத்தை அவர் எடுத்துக்காட்டினார்.

தாயிடத்தில் கொடுப்பதற்கு ஒய் என்பதே இல்லாதபோது, "ஏன் ஆண் பெறவில்லை?" என்று அவளைக் கேட்பது, கடன் வாங்காதவனிடம் வட்டி கேட்பது போலல்லவா? அப்படியானால் தகப்பனைத் திட்டலாமா என்றால், அதுவும் கூடாது. எந்த விந்தணு முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை. காசைச் சுண்டினால் தலையா பூவா என்பது போன்றதே அது.

இவ்வளவும் சொன்னது பழியைப் பெண்ணிடமிருந்து ஆணுக்கு மாற்றுவதற்காக அல்ல. பெண் பிறந்ததற்குப் பழி எதற்கு என்று கேட்பதற்காகவே சொன்னோம். கருவிலேயே பெண்ணென்று கண்டு அழிக்கிற கொடுமையைத் தடுக்க 1994-ல் ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது நமக்கு வெட்கமல்லவா? வீட்டுக்குப் போனதும் இதை உங்கள் தாயாரிடமும் மனைவியிடமும் சொல்லுங்கள். மகனுக்கு என்ன படிப்போ, என்ன சொத்தோ, அதையே மகளுக்கும் கொடுங்கள். இரண்டு பேரும் உங்களில் சரிபாதி.